வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் ஒரு முகம்: யாழ்ப்பாணத்துக்கு எக்ஸ்போஷர் படிக்கப் போன கதை

சென்ற மாசி மாதம் மூன்று நாட்கள் யாழ்ப்பாணத்தில் தங்கினேன். கோயில் கும்பிடவோ உறவு பார்க்கவோ போகவில்லை. டிஜிட்டல் கமராவில் சரியான எக்ஸ்போஷர், அதாவது வெளிச்ச அளவு, வைக்கப் படிப்பதற்காகப் போனேன். இதைச் சொன்னபோது திருகோணமலையில் என் பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். "அறுபத்தொரு வயசிலை உனக்குப் படிப்புக் கேக்குதோ?" என்றாள். கேட்டதுதான். வீட்டில் சும்மா இருந்து டீவி பார்ப்பதைவிட இது மேல் என்று எனக்குப் பட்டது.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்தவள் நான். ஓய்வு பெற்றதும் பழைய டிஜிட்டல் கமரா ஒன்றை வாங்கினேன். எலும்பைப் படம் பிடித்தவளுக்கு முகத்தைப் பிடிப்பது பெரிய வேலையா என்று ஒரு மிதப்பு. அது ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எக்ஸ்ரே பிலிமில் கதிர் கூடினால் படம் கறுக்கும். கமராவில் வெளிச்சம் கூடினால் படம் வெளிறும். படம் கறுத்திருப்பதைக் கண்டால் என் கை பழைய பழக்கத்தில் குறைக்கப் போகும். குறைத்தால் இன்னும் கறுக்கும். இப்படியே ஐந்நூறு படம் பாழாக்கிய பிறகு, வெயில் கடுமையாக இருக்கும் ஓர் இடத்துக்குப் போய் இருந்து பழகினால்தான் சரிவரும் என்று முடிவெடுத்தேன். வெள்ளை மணல், வெள்ளை வேட்டி, கறுத்த முகங்கள், மேகமே இல்லாத வானம் எல்லாம் ஓரிடத்தில் வேண்டுமென்றால் யாழ்ப்பாணத்தைவிட்டால் வேறு எங்கே போவது?

திருகோணமலையிலிருந்து காலை 6.15 பஸ். வவுனியாவில் தேநீருக்கு இருபது நிமிடம் நின்றது. யாழ்ப்பாண பஸ் நிலையத்தில் இறங்கும்போது மணி 1.20. கட்டணம் ஆயிரத்து நூறு ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஓர் அறை, ஒரு நாளைக்கு ஐயாயிரத்து ஐந்நூறு, காலைச் சாப்பாடு சேர்த்து. தனியாகப் போகும் பெண்கள் தயங்கத் தேவையில்லை. விடுதிக்காரரே ஓர் ஓட்டோக்காரரைப் பிடித்துத் தந்தார். பெயர் நேசன், மானிப்பாய்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். நாள் முழுக்க ஓடவும் காத்து நிற்கவும் எண்ணாயிரம் கேட்டார். நான் பேரம் பேசவில்லை. அவர் முகம் பேரம் பேச விடவில்லை.

மறுநாள் காலை 5.45க்கு வடமராட்சிப் பக்கம் கிளம்பினோம். வல்வெட்டித்துறை யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், 6.50க்குக் கடற்கரையில் நின்றோம். படகுகள் வந்து சேர்ந்திருந்தன. வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த ஒருவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். எடுக்கச் சொன்னார். எடுத்துத் திரையைக் காட்டினேன். அவருக்குப் பின்னால் கடல் தகதகவென்று அருமையாக வந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதென்னக்கா, மூஞ்சையைக் காணேல்லை. இது நானோ, என்ரை நிழலோ?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அன்றைய முதல் பாடம் அந்த மனிதர் தந்ததுதான். இங்கே கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கமரா தெரிந்தவர்கள் அடுத்த பந்திக்குத் தாவுங்கள்.

கமராவுக்குள் இருக்கும் ஒளிமானிக்கு உலகத்தைப் பற்றி ஒரே ஒரு எண்ணம்தான் உண்டு. முன்னால் இருப்பது எதுவானாலும் அது மொத்தத்தில் நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கவேண்டும் என்று அது நினைக்கிறது. பெரும் வெள்ளையைக் கண்டால் "இது கூடிப்போச்சு" என்று வெளிச்சத்தைக் குறைக்கும். பெரும் கறுப்பைக் கண்டால் கூட்டும். மீனவருக்குப் பின்னால் கடல் மின்னியதால் அது மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிட்டது. அவருடைய முகம் அதோடு சேர்ந்து அமிழ்ந்துபோனது. இதைத் திருத்த, திருகுகிற சின்னச் சில்லு ஒன்று கமராவில் இருக்கிறது, பிளஸ் மைனஸ் போட்டிருக்கும். முகத்துக்காக அதைப் பிளஸ் பக்கம் திருப்ப வேண்டும். மூன்று கிளிக் திருப்பினால் வெளிச்சம் இரண்டு மடங்காகும். நாலு கிளிக் திருப்பி மறுபடி எடுத்தேன். கடல் வெளிறிப் போனது. முகம் வந்தது, கண்ணோரச் சுருக்கம் உட்பட. "ஓம், இது நான்தான்" என்று அவர் ஒத்துக்கொண்டார்.

அங்கிருந்து பருத்தித்துறை வழியாக மணற்காட்டுக்குப் போனோம். 9.30க்கு மணல் திட்டியின் உச்சியில் நின்றேன். கால் சுடும், செருப்போடு ஏறுங்கள். கண்ணுக்கு மணல் உப்பு வெள்ளையாகத் தெரிந்தது. கமரா எனக்குச் சீமெந்துக் குவியலைக் காட்டியது. இப்போது விடயம் விளங்கிவிட்டதால் பதறவில்லை. வில்லைத் துளை எட்டில், ஒளியுணர்வு ஐஎஸ்ஓ நூறில், கமரா ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி என்றது. நான் ஐந்நூறில் ஒரு பங்கு வைத்தேன், இரண்டு மடங்கு வெளிச்சம். மணல் மணலாக வந்தது. மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயச் சுவரையும் அப்படியே எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஹிஸ்டோகிராம் என்ற, வெளிச்சத்தைக் காட்டும் மேடுபள்ள வரைபடத்தைப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். வெயிலில் திரையை நம்ப முடியாது. அந்த வரைபடம் பொய் சொல்லாது.

திரும்பி வரும் வழியெல்லாம் நேசனுக்கு வகுப்பெடுத்தேன். பாவம் மனிதர், "ஓமக்கா, ஓமக்கா" என்றபடி ஓட்டினார். ஒரே நாளில் கற்றுக்கொண்டதை உலகத்துக்கெல்லாம் சொல்லித் தரும் வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அடுத்த நாள் நடந்ததற்கு அந்த வியாதியும் ஒரு காரணம்.

மூன்றாம் நாள் திட்டம் வட்டுக்கோட்டை. பழைய கல்லூரி வளவில் பெரிய மரங்களும் கற்சுவர்களும் இருக்கின்றன. நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் பழகலாம் என்று நினைத்திருந்தேன். காலை பத்து மணிக்குத்தான் கிளம்ப முடிந்தது. மானிப்பாய் எட்டு கிலோமீற்றர். அதைத் தாண்டிச் சண்டிலிப்பாய்ப் பக்கம் போகும்போது நேசன் ஓட்டோவை ஓரங்கட்டினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. என்ரை சிநேகிதன்ரை தேப்பன் நேற்று மோசம் போயிட்டார். இண்டைக்குப் பிரேதம் எடுக்கினம். ஒரு பத்து நிமிசம் முகத்தைக் காட்டிப்போட்டு ஓடிவாறன்."

"நானும் வாறன் தம்பி. வெயிலுக்குள்ளை தனிய இருந்து என்ன செய்யிறது?"

கமராவைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்துபோனேன். மறந்தேனா, கழற்ற மனம் வரவில்லையா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஒடுங்கிய ஒழுங்கைக்குள் ஐம்பது மீற்றர் நடந்தால் வீடு. மணி 11.20. முற்றத்தில் பந்தல் போட்டு, மேலேயும் மூன்று பக்கமும் வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே பிரேதப் பெட்டி. பெட்டிக்குள்ளும் வெள்ளைத் துணி, மேலே போர்த்தியதும் வெள்ளை. இறந்தவர் கந்தையா, தோட்டம் செய்தவர், வெங்காயமும் மிளகாயும். அவருடைய மூத்த மகன் குகன் சுவிஸில் இருக்கிறான். நேசனும் குகனும் ஒரே வகுப்பு. குகனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. சுவிஸை விட்டு வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. ஆகவே கொள்ளி வைக்க, மகன் முறையான பெறாமகன் ஒருவன் வேட்டியோடு தயாராக நின்றான். குகன் பார்ப்பதற்காக, தலைமாட்டுக்கு எதிரே முக்காலியில் ஒரு கமராவும் அதோடு மடிக்கணினியும் வைத்து நேரலை போய்க்கொண்டிருந்தது. இப்போது அங்கே எந்தச் செத்தவீட்டிலும் இது வழமை. பாதிக் குடும்பம் வெளியில்தானே இருக்கிறது.

நேசன் செருப்பைக் கழற்றும்போதே அவருடைய போன் அடித்தது. குகன். பறை மேளச் சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"டேய் நேசன், அங்கை நிக்கிறியே? அப்பான்ரை முகம் தெரியேல்லையடா. வெள்ளைத் துணிதான் தெரியுது. முகம் இருக்கிற இடத்திலை கறுப்பாய் ஏதோ கிடக்கு. காலமை இருந்து சொல்லுறன், ஒருத்தரும் கவனிக்கினமில்லை. பன்னிரண்டரைக்கு மூடிப்போடுவாங்களடா. ஒருக்காப் பாக்க விடச் சொல்லடா."

அந்தக் குரலை என்னால் எழுத்தில் தர முடியாது. சண்டை பிடிக்கிற குரல் மாதிரித் தொடங்கி, கடைசியில் சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி முடிந்தது.

அதைக் கேட்ட ஒரு பெரியவர் உதவி செய்ய நினைத்து எல்ஈடி விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பின்னால், துணியின் மேல் வெளிச்சம் படும்படி வைத்தார். நான் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். வெள்ளை இன்னும் பளிச்சென்றது. முகம் இன்னும் இருண்டது. நேற்று வல்வெட்டித்துறையில் நான் விட்ட அதே பிழை. கமராவின் பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு வீடியோக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மேளத்துக்கு மேலால் கத்தினேன்.

"தம்பி, கமராவை அது பாட்டுக்கு விட்டிருக்கிறியள். சுத்திவர வெள்ளை, அதாலை அது வெளிச்சத்தைக் குறைக்குது. அந்தச் சில்லைப் பிளஸ்ஸுக்குத் திருப்புங்கோ. ஒரு அஞ்சு கிளிக். முகம் தெளிவாத் தெரியும்."

அவர் என்னைப் பார்த்தார். பதில் போனிலிருந்து வந்தது.

"ஆரடா அந்த அக்கா? அவ சொல்லுறதைச் செய்யச் சொல்லு. நேசன், அந்த அக்காவை விடாதை!"

வீடியோக்காரர் என் காதருகே குனிந்தார். "அக்கா, எனக்கு உது தெரியும். ஏழு வருசமா உதுதான் தொழில். வதனியக்காதான் அப்பிடியே விடச் சொன்னவ" என்றார்.

வதனி என்றால் யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பெட்டியின் காலடியில் நின்ற பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். அழுத முகமில்லை, நித்திரை இல்லாத முகம். குகனின் தங்கை. அவர் பார்வையைத் தாங்க முடியாமல் குனிந்தேன், அப்போதுதான் பெட்டிக்குள் பார்த்தேன். வந்து கால் மணித்தியாலமாகியும் நான் அந்த மனிதரைப் பார்த்திருக்கவில்லை. வெளிச்சத்தைத்தான் பார்த்திருந்தேன்.

நெற்றிப் பொட்டுக்கள் இரண்டும் குழி விழுந்திருந்தன. கன்னத்தோல் எலும்பில் ஒட்டியிருந்தது. போர்வைக்கு மேல் தெரிந்த கழுத்தடிக் காறையெலும்பில் ஒரு விரலைக் கொழுவலாம். இப்படிப்பட்ட முகங்களை எத்தனையோ தடவை கண்டவள் நான். பேரியம் என்ற வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்துத் தொண்டைக்குக் கீழே படம் எடுக்கும்போது, நோய் திரையில் தெரிய முன்னரே முகத்தில் தெரிந்துவிடும். நித்திரையில் ஒரு நாளில் போன மனிதரின் முகம் அல்ல அது. மாதக் கணக்கில் சோறு இறங்காத முகம்.

வதனி என்னைக் குசினி வாசலுக்குக் கூட்டிப்போனார். குரல் உயர்த்தவில்லை.

"நாலு மாசமக்கா. தொண்டைக்குள்ளை கான்சர். அண்ணைக்குத் தெரியாது. தெரிஞ்சால் வழக்கையும் விட்டுப்போட்டு ஓடி வந்திடுவான். அப்பாதான் சத்தியம் வாங்கினவர், சொல்லக்கூடாதெண்டு. போன் கமரா உடைஞ்சு போச்செண்டு சொன்னனான். அவரும் கதைக்கேக்கை இருமலை அடக்கிக்கொண்டு கதைப்பார். குரல் ஏன் இப்பிடியெண்டு கேட்டால், தடிமன் எண்டுவார். நேற்று நான் நித்திரையிலை போயிட்டார் எண்டுதான் சொன்னனான். உந்த முகத்தைக் கண்டால் அவனுக்கு எல்லாம் விளங்கும்."

"உங்கடை வீட்டுக்காரர்?"

"கட்டாரிலை. லீவு கிடைக்கேல்லை."

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படம் எடுப்பவள் படத்தில் கண்டதைச் சொல்லக்கூடாது. முகத்திலும் காட்டக்கூடாது. டொக்டர்தான் சொல்லவேண்டும். எத்தனையோ பேர் மேசையில் படுத்தபடி என் முகத்தையே பார்த்திருப்பார்கள், ஏதாவது தெரிகிறதா என்று. முப்பத்திரண்டு வருடம் ஒரு தடவையும் நான் வாய் தவறியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, முன்பின் தெரியாத வீட்டு முற்றத்தில் நின்று, மேளத்துக்கு மேலால் கத்திச் சொல்லிவிட்டேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுறன். கமரா பழுது, ஒண்டும் செய்யேலாது எண்டு சொல்லுறன். அவர் நம்புவார்."

வதனி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தார். முற்றத்தில் சடங்குப் பாட்டு ஓய்ந்திருந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போடத் தொடங்கியிருந்தார்கள். மணி 12.10. நேசனின் போனிலிருந்து "தெரியேல்லை, இன்னும் தெரியேல்லை" என்ற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"வேண்டாமக்கா," என்றார் வதனி. "மூடினாப் பிறகு எத்தினை பொய் சொன்னாலும் அவனுக்கு அப்பான்ரை முகத்தைக் காட்டேலாதே."

அவர் நேராகக் கமராவிடம் போனார். பின்னால் வைத்திருந்த விளக்கைத் தானே அணைத்தார். வீடியோக்காரரிடம், "தம்பி, கூட்டு" என்றார்.

வீடியோக்காரர் சில்லில் விரலை வைத்தார். ஒரு கிளிக். வித்தியாசம் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் மூக்கின் கோடு தெரிந்தது. மூன்றாவதில் நெற்றியும் திருநீறும். அவர் திருப்புவதை நிறுத்திவிட்டு வதனியைப் பார்த்தார். "இன்னும்" என்றார் வதனி. நாலாவதில் மூடிய கண்கள் வந்தன. ஐந்தாவதில் கன்னத்துக் குழியும் பொட்டுக் குழியும் வந்தன. சுற்றியிருந்த வெள்ளைகளெல்லாம் மடிப்பும் ஓரமும் இல்லாமல் வெளிறிப் போயின. பந்தல் இருந்த இடமே தெரியவில்லை. முகம் மட்டும் நின்றது. புத்தகப்படி பார்த்தால் அது கெட்ட எக்ஸ்போஷர். அதைவிடச் சரியான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

போனில் சத்தம் நின்றுவிட்டது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நேசன் திரையைப் பார்த்தார். அறவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பிறகு குகன் ஒரு சொல் சொன்னான்.

"காணும்."

போதுமாம். அவ்வளவுதான். அழைப்பைத் துண்டித்துவிட்டான். வதனி எதிர்பார்த்தது ஒரு கேள்வியை, ஒரு கத்தலை. இரண்டும் வரவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மூடினார்கள்.

மிச்சத்தைச் சொல்ல முன்னர், போக நினைப்பவர்களுக்கான குறிப்புகளை இங்கேயே எழுதிவிடுகிறேன். கடைசியில் எழுத எனக்கு மனம் வராது. யாழ்ப்பாணத்தில் படம் எடுக்க மாசி, பங்குனி நல்ல மாதங்கள்; காலை ஒன்பதரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் எடுங்கள், நடுப்பகலில் சாப்பிட்டுப் படுங்கள். வடமராட்சிக்கு பஸ்ஸிலும் போகலாம். மணற்காட்டுக்கு மட்டும் ஓட்டோ வேண்டும், அந்தப் பக்கம் திரும்பி வர வாகனம் கிடைப்பது கடினம். தண்ணீர் கொண்டுபோங்கள். மணலில் வில்லையைக் கழற்றி மாற்றாதீர்கள். வெள்ளை கூடுதலான இடத்தில் பிளஸ், கறுப்புக் கூடுதலான இடத்தில் மைனஸ், இதை மட்டும் மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு, எந்த ஒன்று தெரிந்தாக வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். அதற்காக மற்றது கெட்டால் கெடட்டும். எல்லாம் தெரியவேண்டும் என்று நின்றால் ஒன்றும் தெரியாது. செத்தவீட்டுக்குப் போகவேண்டி வந்தால் கமராவை வண்டியில் வையுங்கள். ஒரு படம் இருட்டாக இருந்தால், எடுத்தவருக்குத் தெரியாது என்று என்னைப் போல நினைத்துவிடாதீர்கள். அவரிடம் மெதுவாக, பக்கத்தில் போய்க் கேளுங்கள். வட்டுக்கோட்டைக்கு நான் போகவில்லை. அதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஒழுங்கையில் இறங்கினார்கள். நேசனும் தோள் கொடுத்துப் போனார். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. கேற் வரைக்கும் போய் அழுதுவிட்டுத் திரும்பினார்கள். முற்றத்தில் தண்ணீர் தெளித்தார்கள். வெள்ளைத் துணிகளைக் கழற்றத் தொடங்கினார்கள். வீடியோக்காரர் முக்காலியை மடித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லையக்கா, எனக்கும் காலமை இருந்து அப்பிடியே விடக் கை கூசினதுதான்" என்றார்.

நேசன் வரும்வரை நான் எங்கே போவது? கேற்றடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வதனி வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரை நான் அவரிடம் காணவில்லை. மடியில் போனை வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அடித்தபோது அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது.

"அண்ணை," என்று என்னிடம் சொன்னார். "என்னைக் கொல்லப்போறான்."

மூன்றாவது மணி அடித்ததும் எடுத்தார். பழைய போன், ஸ்பீக்கர் போடாமலே எனக்கும் கேட்டது.

"வதனி."

"ஓமண்ணை."

"எத்தினை மாசம்?"

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "நாலு" என்றார்.

வதனி கண்ணை மூடிக்கொண்டார், அடி விழப்போகிற பிள்ளை மாதிரி.

"நாலு மாசமும் நீ தனியத்தான் அப்பாவைத் தூக்கிப் பறிச்சுப் பாத்தனியோ?"

வதனி "ஓம்" என்று சொல்ல வெளிக்கிட்டார். அந்தச் சொல் பாதியில் உடைந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழத் தொடங்கினார்.